பூங்காவில் இலவச ஓபரா: நாம் கேட்பது குரலையா, பெட்டியையா?

பதிவு 1 – கடைசிவரிசை

அனைவருக்கும் வணக்கம். சென்ற ஞாயிறு பிற்பகல், ஒரு நகரப் பூங்காவின் புல்வெளியில் நடந்த இலவச ஓபரா (மேலைநாட்டு இசை நாடகம்) இசை நிகழ்ச்சிக்குப் போயிருந்தேன். பல ஆண்டுகளாக ஒலிப்பதிவுகளில் ஓபராவைக் கேட்டு வருகிறேனே தவிர, நேரில் கேட்டது இதுவே முதல் முறை. முழு இசைக்குழு, நான்கு பாடகர்கள், ஏறத்தாழ இரண்டு மணி நேரம். நான் தாமதமாகப் போய்ச் சேர்ந்ததால், மேடையிலிருந்து நூறு மீட்டருக்கும் அப்பால் ஒரு மரத்தடியில்தான் இடம் கிடைத்தது.

கேட்டபோது மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. ஆனால் ஒன்று என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. பாடகி எனக்கு இடப்பக்கம், கட்டைவிரல் உயரத்தில் தெரிந்தார். அவருடைய குரலோ எனக்கு வலப்பக்கம், ஒரு கம்பத்தில் கட்டியிருந்த கறுப்புப் பெட்டியிலிருந்து வந்தது. என்னுடன் வந்த நண்பர், "இது ஓபராவே அன்று, வானொலிப் பெட்டியை வீட்டுக்கு வெளியே எடுத்து வந்து வைத்துக் கேட்பதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை" என்று சொல்லிவிட்டுப் பாதியிலேயே எழுந்து போய்விட்டார். அவர் சொன்னது சரிதானா? அன்று நான் கேட்டது அந்தப் பாடகியின் குரலையா, அல்லது அந்தப் பெட்டியையா? அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டும்.

பதிவு 2 – மூன்றாம்மாடம்

உங்கள் நண்பர் நாகரிகமாகச் சொல்லியிருக்கிறார். நானாக இருந்தால் இன்னும் கடுமையாகச் சொல்லியிருப்பேன். 1637இல் வெனிஸ் நகரில் சான் கசியானோ அரங்கு கட்டணம் செலுத்தும் எவருக்கும் கதவைத் திறந்துவிட்ட நாளிலிருந்து, ஓபராவின் அடிப்படை ஒன்றே ஒன்றுதான்: ஒரு மனிதத் தொண்டை, எந்தக் கருவியின் துணையும் இன்றி, ஒரு முழு இசைக்குழுவையும் தாண்டி, அரங்கின் கடைசி இருக்கை வரை சென்று சேர வேண்டும். பாடகர்கள் பத்தாண்டுக் காலம் பயில்வது இதற்காகத்தான். அந்தக் குரலுக்கு முன்னால் ஒலிவாங்கியை வைப்பது, கழைக்கூத்தாடியின் கயிற்றை அவிழ்த்துத் தரையில் கிடத்திவிட்டு, அதன்மேல் அவர் விழாமல் நடப்பதைக் கண்டு கைதட்டுவதற்கு ஒப்பாகும்.

1999இல் நியூயார்க் நகர ஓபரா நிறுவனம் தன் அரங்கிலேயே மின்னணு ஒலிமேம்பாட்டு அமைப்பைப் பொருத்தியபோது எழுந்த கண்டனத்தைப் பலர் மறந்திருக்கலாம். மூடிய அரங்கில் சிறிதளவு சேர்த்ததற்கே அவ்வளவு எதிர்ப்பு. பூங்காவில் முழுவதுமே மின்சாரம்.

பதிவு 3 – ஒலிமேசை

திறந்தவெளி நிகழ்ச்சிகளுக்கு ஒலி அமைப்பது என் தொழில். அதனால் சற்று நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், கூரையில்லாத இடத்தில் ஒரு குரலுக்கு என்ன நேர்கிறது என்று பார்ப்போம். நல்ல பயிற்சி பெற்ற ஓபரா பாடகர் உச்சத்தில் பாடும்போது, ஒரு மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 100 டெசிபல் ஒலி இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். சுவர்கள் இல்லாத வெளியில், தொலைவு இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் அது 6 டெசிபல் குறைகிறது. 2 மீட்டரில் 94, 4 மீட்டரில் 88 என்று இறங்கிக்கொண்டே போய், 64 மீட்டரில் 64 ஆகவும் 128 மீட்டரில் 58 ஆகவும் தேய்கிறது. பக்கத்தில் இருப்பவர் நம்மிடம் சாதாரணமாகப் பேசும் பேச்சே 60 டெசிபல் அளவில் இருக்கும். அதாவது மரத்தடியில் இருந்த கடைசிவரிசை நண்பருக்கு, டெனரின் (உயர்ந்த ஆண் குரல் பாடகரின்) உச்ச சுரத்தைவிட அருகில் நடந்த அரட்டைதான் உரக்கக் கேட்டிருக்கும். மூன்றாம்மாடம் ஐயா போற்றும் அந்தத் தொண்டை பொய்யன்று. அது அரங்குக்கு எனப் பழகிய தொண்டை.

அரங்கில் அது எப்படி வெல்கிறது என்பதற்கும் விளக்கம் உண்டு. ஸ்வீடன் நாட்டு ஒலியியலாளர் யோஹான் சுண்ட்பெரி 1970களில் இதை ஆராய்ந்து காட்டினார். பயிற்சி பெற்ற ஆண் குரல்களில் 3,000 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணை ஒட்டி ஆற்றல் திரண்டு நிற்கிறது. இசைக்குழுவின் மொத்த ஒலியோ 500 ஹெர்ட்ஸ் அருகே உச்சம் பெற்று, அதற்கு மேல் வேகமாகத் தேய்ந்துவிடுகிறது. இசைக்குழு காலியாக விட்டுவைத்த அந்தச் சந்தின் வழியாகக் குரல் நுழைந்து வருகிறது. நம் காதும் அந்த இடத்தில்தான் மிகக் கூர்மையானது. (உயர்ந்த ஸ்தாயியில் பாடும் சொப்ரானோ பாடகிகளின் உத்தி வேறு. பாடும் சுரத்தோடு ஒத்து ஒலிக்கும்படி அவர்கள் வாயின் திறப்பை மாற்றிக்கொள்கிறார்கள். உச்ச சுரங்களில் அவர்கள் பாடும் சொல் நமக்கு விளங்காமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.) இதோடு சுவர்களும் மாடங்களும் ஒலியைத் திருப்பி அனுப்புகின்றன. நல்ல ஓபரா அரங்குகளில் ஒலி அடங்குவதற்கு ஏறத்தாழ 1.2 முதல் 1.6 விநாடி ஆகும். புல்வெளியில் திருப்பி அனுப்ப எதுவுமே இல்லை. பாடகருக்கே தம் குரல் திரும்பி வராததால், தாம் போதுமான அளவு பாடவில்லையோ என்று அஞ்சி அவர் குரலை மேலும் அழுத்துவார், தொண்டை களைத்துப்போகும். அதனால்தான் அவர் காலடியிலும் சிறிய ஒலிபெருக்கிகளை வைக்கிறோம். அவை மக்களுக்காக அல்ல, அவருக்காக.

இனி உங்கள் கம்பத்துக்கு வருகிறேன். ஒலி ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்கிறது. மேடையில் எழும் ஒலி நூறு மீட்டரைக் கடக்க 0.3 விநாடி வேண்டும். ஆனால் கம்பிவழி செல்லும் மின்சைகை அந்த நொடியிலேயே கம்பத்துப் பெட்டியை அடைந்துவிடும். ஆகவே பெட்டியின் ஒலியை வேண்டுமென்றே தாமதப்படுத்துகிறோம். அதிலும், மேடை ஒலி வந்து சேர்ந்த பிறகு மேலும் பத்து, பதினைந்து மில்லிவிநாடி பொறுத்துப் பெட்டி ஒலிக்கும்படி அமைத்தால், முதலில் வந்த திசையையே காது நம்பும். குரல் மேடையிலிருந்து வருவதாகவே தோன்றும். ஹெல்முட் ஹாஸ் 1949இல் தம் ஆய்வேட்டில் விளக்கிய இயல்பு இது. ஆனால் கம்பத்தின் அடியிலேயே போய் உட்கார்ந்தால், இந்தக் கணக்கு எதுவும் உதவாது. பெட்டியின் ஒலி அங்கே அவ்வளவு மிகுந்திருக்கும். நண்பர் உட்கார்ந்த மரம் அழகிய மரமாக இருக்கலாம். இடம் தவறான இடம்.

சிகாகோவில் 2004இல் திறக்கப்பட்ட பிரிட்ஸ்கர் மேடையில் இதற்கு வேறு வழி கண்டார்கள். ஃபிராங்க் கெரி வடிவமைத்த அந்த மேடைக்கு முன்னால், புல்வெளி முழுவதையும் எஃகுக் குழாய்ப் பந்தல் ஒன்று வளைத்து மூடுகிறது. பெட்டிகள் அந்தப் பந்தலிலிருந்து தொங்குகின்றன. பார்வையை மறைக்கும் கம்பங்கள் கிடையாது. அரங்கில் சுவர்கள் திருப்பி அனுப்பும் ஒலியைப் போன்ற ஒன்றையும் அவற்றின் வழியாகவே சேர்க்கிறார்கள். அந்த நகரின் லிரிக் ஓபரா நிறுவனம் தன் இலவசக் கச்சேரியை அங்கேதான் நடத்துகிறது.

பதிவு 4 – மழைக்குடை

நான் ஓபராவுக்குள் வந்ததே பூங்கா வழியாகத்தான் என்பதால் பதில் சொல்லத் தோன்றுகிறது. அரங்கின் படிக்கட்டைப் பார்த்தாலே, இது நமக்கான இடமன்று என்று திரும்பிப் போனவள் நான். புல்வெளிக்குப் படிக்கட்டும் இல்லை, வாயிற்காவலரும் இல்லை. பிடிக்கவில்லை என்றால் யாரையும் இடிக்காமல் எழுந்து போகலாம் என்ற உறுதியில்தான் உட்கார்ந்தேன், எழுந்து போகவில்லை.

1991ஆம் ஆண்டு ஜூலை 30 அன்று இலண்டனின் ஹைட் பூங்காவில் இத்தாலிய டெனர் லூச்சானோ பவரோட்டி இலவசமாகப் பாடியபோது பெருமழை கொட்டியது. குடைகள் பின்னால் இருந்தவர்களுக்கு மேடையை மறைத்ததால், அவற்றை மடக்கச் சொல்லி மக்களைக் கேட்டுக்கொண்டார்கள். ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் குடையை மடக்கிவிட்டு நனைந்தபடி கேட்டார்கள்; இளவரசி டயானாவும் நனைந்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து நியூயார்க் சென்ட்ரல் பூங்காவில் பவரோட்டி பாடியபோது ஏறத்தாழ ஐந்து இலட்சம் பேர் கூடினார்கள். அத்தனை பேரும் பெட்டியைக் கேட்கவா வந்தார்கள்?

பதிவு 5 – மூன்றாம்மாடம்

அம்மா, கூட்டத்தின் அளவு கலையின் தரத்துக்குச் சான்றாகாது. அவர்கள் வந்தது ஒரு பெரும்புகழ் பெற்ற மனிதரைக் காண. நீங்கள் ஓபராவுக்குள் வந்ததில் எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சிதான். ஆனால் நீங்கள் அந்த வாயில் வழியாக உள்ளே வந்துவிட்டீர்கள் என்பதாலேயே வாயில் வீடாகிவிடாது.

பதிவு 6 – பழஞ்சுவடி

இங்கே அனைவரும் திறந்தவெளி ஓபரா என்றாலே ஒலிபெருக்கி என்று கொள்கிறார்கள். ஒலிபெருக்கிக்கு முன்பும் திறந்தவெளி இருந்தது.

1723இல் பேரரசர் ஆறாம் சார்லஸ் பொஹீமியாவின் மன்னராக முடிசூடியபோது, பிராக் கோட்டை வளாகத்தில் திறந்தவெளியில் ஓர் ஓபரா நிகழ்த்தப்பட்டது. யோஹான் யோசஃப் ஃபுக்ஸ் இயற்றிய 'கொஸ்தான்சா எ ஃபொர்தெஸ்ஸா' என்ற அந்தப் படைப்புக்கு மிகப் பெரிய இசைக்குழுவும் பாடகர் குழாமும் திரட்டப்பட்டன. பிற்காலத்தில் புல்லாங்குழல் மேதையாகப் புகழ்பெற்ற யோஹான் யோவாகிம் குவான்ட்ஸ் அந்த இசைக்குழுவில் அமர்ந்து வாசித்தவர். அவர் எழுதிவைத்த கருத்து இந்த விவாதத்துக்கு நேரடியாகப் பொருந்துகிறது. தாளில் பார்க்கும்போது விறைப்பாகவும் வறண்டதாகவும் தோன்றிய அந்த இசை, திறந்தவெளியில் அத்தனை பேர் சேர்ந்து வாசித்தபோது, நுணுக்கமான அலங்காரங்களும் விரைவான சுரங்களும் நிறைந்த இசை தந்திருக்கக் கூடியதைவிட நல்ல பயனைத் தந்தது என்கிறார். அதாவது ஃபுக்ஸ் வெளிக்கு ஏற்ற இசையை எழுதினார். நாம் இன்று செய்வது நேர்மாறானது. அரங்குக்காக எழுதியதை வெளிக்குத் தூக்கிவந்து, இடைவெளியை மின்சாரத்தால் நிரப்புகிறோம்.

இன்னொன்று. 1910ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு, இத்தாலிய சொப்ரானோ லூயிசா தெட்ராசினி சான் பிரான்சிஸ்கோவில் மார்க்கெட் தெருவின் லாட்டா நீரூற்று அருகே மேடையேறி இலவசமாகப் பாடினார். நியூயார்க்கில் அவருடைய ஒப்பந்தம் பற்றி வழக்கு மூண்டிருந்த நேரம் அது. சான் பிரான்சிஸ்கோவின் தெருக்கள் யாருக்கும் கட்டுப்பட்டவை அல்ல என்பதால் அங்கே தெருவில் நின்று பாடுவேன் என்று சொல்லி, சொன்னபடியே பாடிக் காட்டினார். நிலநடுக்கமும் தீயும் அந்த நகரை அழித்து அப்போது நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன. இரண்டு இலட்சம் பேருக்கு மேல் கூடினார்கள் என்று அக்காலச் செய்திகள் மதிப்பிட்டன. ஒலிவாங்கி கிடையாது.

அதே நகரில் 1971 முதல் ஆண்டுதோறும் கோல்டன் கேட் பூங்காவில் ஓபரா நிறுவனம் இலவச நிகழ்ச்சி நடத்திவருகிறது; பருவத்தின் தொடக்க நிகழ்ச்சியை அடுத்துவரும் ஞாயிறு என்பது மரபு. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஓபரா 1967இலேயே பூங்காக்களுக்கு வந்துவிட்டது.

பதிவு 7 – மூன்றாம்மாடம்

பழஞ்சுவடி ஐயாவின் குறிப்புகளுக்கு நன்றி. பிராக் செய்தி எனக்குப் புதிது. ஆனால் 1910 பற்றி ஒரு கேள்வி. ஒலிமேசை நண்பரின் கணக்குப்படி 128 மீட்டரில் 58 டெசிபல் என்றால், இரண்டு இலட்சம் பேரில் எத்தனை பேருக்குத் தெட்ராசினியின் குரல் கேட்டிருக்கும்?

பதிவு 8 – ஒலிமேசை

நியாயமான கேள்வி. ஒரு சிறு திருத்தம்: அது புல்வெளி அன்று, இருபுறமும் உயர்ந்த கட்டடங்கள் நின்ற தெரு. சுவர்கள் ஒலியைப் பிடித்துத் தெருவின் வழியே செலுத்தும். இரவு நேரம் என்பதும் ஒரு காரணம். வெயிலில் தரை சூடாக இருக்கும்போது ஒலி மேல்நோக்கி வளைந்து, கேட்பவரின் தலைக்கு மேலே போய்விடும். இரவில் தரை குளிர்ந்து, மேலே உள்ள காற்று வெதுவெதுப்பாக இருந்தால், ஒலி கீழ்நோக்கி வளைந்து நெடுந்தொலைவு செல்லும். எல்லாவற்றுக்கும் மேலாக, கூட்டம் மூச்சடக்கி நின்றிருக்க வேண்டும். இவை அனைத்தும் கூடி வந்தாலும் இரண்டு இலட்சம் பேருக்குக் கேட்டது என்பதை நான் ஏற்கமாட்டேன். சில ஆயிரம் பேர் நன்றாகக் கேட்டிருப்பார்கள். மற்றவர்கள் அங்கே இருந்தார்கள்.

வெரோனாவின் ரோமானிய வட்டரங்கை யாராவது எடுத்துக்காட்டுவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். இத்தாலிய இசையமைப்பாளர் வெர்டியின் பிறப்பு நூற்றாண்டை ஒட்டி 1913இல் அவருடைய 'ஐடா' ஓபராவோடு தொடங்கிய அந்த விழா, ஒலிபெருக்கியில்லாப் பாடலுக்குப் பெயர் பெற்றது. ஆனால் அங்கே கல்படிகள் கிண்ணம்போல் சூழ்ந்திருக்கின்றன. பூங்கா தட்டையானது, புல்லும் மனித உடல்களும் ஒலியைக் குடித்துவிடும்.

பதிவு 9 – வில்லும்நாணும்

இசைக்குழுவில் வயோலா (வயலினைவிடச் சற்றுப் பெரிய கருவி) வாசிக்கிறேன். பூங்கா மேடையிலிருந்து பார்க்கும்போது இந்த விவாதம் வேறு மாதிரித் தெரிகிறது.

அரங்கில் நாங்கள் ஒருவரை ஒருவர் காதால் பின்பற்றுவோம். வெளியில் அது நடக்காது. பத்து மீட்டர் பின்னால் இருக்கும் எக்காளங்களின் ஒலி எங்களை அடைய முப்பது மில்லிவிநாடி ஆகிறது; அரங்கில் சுவர்கள் அதை மழுப்பி ஒட்டவைக்கும், வெளியில் தையல் பிரிந்த துணியாக அது அப்படியே கேட்கும். அதனால் காதை நம்பாமல் இசைக்குழு நடத்துநரின் கோலை மட்டும் பார்த்து வாசிக்கிறோம். காற்று அடித்தால் இசைத்தாள்கள் பறக்கும் என்பதால், துணி உலர்த்தும் கவ்விகளைக் கொண்டு அவற்றைத் தாங்கியோடு பிணைத்துவிடுவோம். ஒவ்வொரு பக்கத்தையும் திருப்பக் கவ்வியை எடுத்து மீண்டும் மாட்ட வேண்டும்; அதற்கு எந்த இசையமைப்பாளரும் இடைவேளை எழுதிவைக்கவில்லை.

சுருதிதான் பெரிய தொல்லை. வெப்பம் ஏறினால் குழாய்க்குள் இருக்கும் காற்றில் ஒலி வேகமாகச் செல்கிறது, அதனால் புல்லாங்குழலும் ஓபோவும் கிளாரினெட்டும் சுருதி ஏறும். எங்கள் கம்பிகளோ வெப்பத்தில் தளர்ந்து சுருதி இறங்கும். ஒரே மேடையில் ஒரு பாதி மேலே போக, மறு பாதி கீழே போகும். நடுவில் நிற்கும் பாடகர் யாரோடு சேருவார்? வெயில் நேராக விழுந்தால் வயலினின் பசையே இளகி மூட்டு விட்டுப்போகும். அதனால் எங்களில் பலர் பூங்காவுக்கு நல்ல கருவியைக் கொண்டு வருவதே இல்லை. வீட்டிலிருக்கும் இரண்டாம் கருவிதான் வரும். மழை வந்தால் நிகழ்ச்சியை நிறுத்துவது உங்களுக்காக என்று எண்ணிவிடாதீர்கள், நீங்கள் உலர்ந்துவிடுவீர்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகும், எங்களுக்கு மிகப் பிடித்த நாள் அதுதான். அரங்கில் நாங்கள் மேடைக்கு முன்னாலுள்ள பள்ளத்துக்குள் இருக்கிறோம். எங்கள் முகத்தை யாரும் பார்ப்பதில்லை. பூங்காவில் குழந்தைகள் மேடை விளிம்பு வரை வந்து வில்லின் அசைவைப் பார்க்கிறார்கள்.

பதிவு 10 – கடைசிவரிசை

இவ்வளவு விரிவான பதில்களை எதிர்பார்க்கவில்லை. அனைவருக்கும் நன்றி. இதோடு தொடர்புள்ள இன்னொரு ஐயம். அன்று பாடிய பதினான்கு பாடல்களும் பதினான்கு வெவ்வேறு ஓபராக்களிலிருந்து எடுத்தவை. ஒருவர் காதலிக்காக ஏங்கி முடித்த கையோடு, அடுத்தவர் தந்தையிடம் கெஞ்சத் தொடங்கிவிட்டார். கதை தெரியாததால் எல்லா உணர்ச்சியும் ஒரே உணர்ச்சியாகவே எனக்குக் கேட்டது. இது ஒலிபெருக்கியின் குறையா, என் குறையா?

பதிவு 11 – சொல்தேடி

இரண்டும் இல்லை, தொகுப்பின் குறை. ஒலிபெருக்கியைவிட இதுவே பெரிய இழப்பு என்பது என் எண்ணம்.

பூங்காவில் நிச்சயமாக இடம்பெறும் 'நெஸ்ஸுன் தோர்மா' என்ற பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். இத்தாலிய இசையமைப்பாளர் புச்சினி 1924இல் முடிக்காமல் விட்டுச் சென்று, 1926இல் மிலானின் லா ஸ்காலாவில் அரங்கேறிய 'துராந்தோத்' ஓபராவின் மூன்றாம் அங்கத்தில் அது வருகிறது. தன் பெயரைக் கண்டுபிடிக்க முடியாது என்று ஒரு வேற்றுநாட்டு இளவரசன் பாடுகிறான். பெயர் தெரியாவிட்டால் ஊரே சாக வேண்டும் என்று இளவரசி ஆணையிட்டிருக்கிறாள். அவனுடைய வெற்றிக்களிப்பின் பின்னணியில், தாங்கள் இறக்கப்போவதாகப் பெண்களின் குரல்கள் மெல்ல ஒலிக்கின்றன. ஓபராவில் அந்தப் பாடல் முடிவதே இல்லை. கைதட்ட இடம் தராமல் அடுத்த காட்சிக்குள் ஓடிவிடுகிறது. பூங்காவில் கேட்கும் முழக்கமான முடிவு, கச்சேரிக்காக ஒட்டவைக்கப்பட்டது. கதை தெரியாமல் கேட்டால் அது வெறும் வெற்றிப் பாட்டு. தெரிந்து கேட்டால் சற்று அச்சமாகவே இருக்கும்.

தந்தையிடம் கெஞ்சியவர் 'ஓ மியோ பாப்பினோ காரோ' பாடியிருப்பார். அது 1918இல் அரங்கேறிய 'ஜான்னி ஸ்கிக்கி' என்ற நகைச்சுவை ஓபராவில் வருவது. காதலனை மணக்க விடாவிட்டால் ஆற்றில் குதிப்பேன் என்று மகள் அப்பாவை மிரட்டுகிறாள். மேடையில் சிரிப்பு எழ வேண்டிய இடம். பூங்காவில் பலர் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள்.

நம்மவர்களுக்கு ஒரு சிறு வேடிக்கையையும் சொல்லிவிடுகிறேன். பூங்காத் தொகுப்புகளில் அடிக்கடி வரும் இரண்டு ஜோடிப் பாடல்களின் கதைக்களம் நம் பக்கத்தைச் சேர்ந்தது. பிசேயின் 'முத்துக்குளிப்போர்' (1863) இலங்கைக் கரையில் நடக்கிறது. தெலீபின் 'லக்மே' (1883) இந்தியாவில் ஓர் அந்தணரின் மகளைப் பற்றியது; மலர்ப்பாட்டு என்று புகழ்பெற்ற ஜோடிப் பாடல் அவளும் அவள் தோழியும் ஆற்றங்கரைக்குப் பூப்பறிக்கப் போகும்போது பாடுவது. இரண்டுமே பாரிஸில் இருந்தபடி கற்பனை செய்த கிழக்கு. கேட்கும்போது முத்தும் தெரியாது, இலங்கையும் தெரியாது. இசை மட்டும் இனிக்கும்.

1983இல் டொரண்டோவில் கனடிய ஓபரா நிறுவனம் 'எலெக்ட்ரா' என்ற ஓபராவுக்கு மேடைக்கு மேலே மொழிபெயர்ப்பு வரிகளை ஓடவிட்ட பிறகு, அரங்கில் மொழித்தடை பெரும்பாலும் நீங்கிவிட்டது. பூங்காவில் பகல் வெளிச்சத்தில் அந்த வசதி அரிது. நிகழ்ச்சி நிரலை முன்கூட்டியே பெற்று, ஒவ்வொரு பாடலுக்கும் இரண்டு வரிக் கதைச்சூழலைப் படித்துவிட்டுப் போங்கள். பாதிக் குறை தீரும்.

பதிவு 12 – ஒலிமேசை

கடைசிவரிசை நண்பர் முதல் பதிவில் கேட்ட கேள்விக்கு நான் இன்னும் நேராகப் பதில் சொல்லவில்லை. பெட்டி குரலின் நிறத்தைப் பெரும்பாலும் காப்பாற்றிவிடும். இன்றைய கருவிகள் அவ்வளவு நல்லவை. அது காப்பாற்ற முடியாதது, மெல்லியதற்கும் வலியதற்கும் இடையிலுள்ள தொலைவை. பாடகி கிசுகிசுப்பதுபோல் பாடும் இடத்தில், காற்றையும் குழந்தைகளின் ஓசையையும் மீறி அது கடைசிவரை போக வேண்டும் என்பதால் நான் ஒலியளவுக் கைப்பிடியை ஏற்றியே ஆக வேண்டும். அவர் முழங்கும் இடத்தில், முன்வரிசையின் காது நோகாமல் இருக்க இறக்கியே ஆக வேண்டும். இரண்டும் நடுவில் வந்து ஒன்றாகிவிடுகின்றன. உங்களுக்கு எல்லா உணர்ச்சியும் ஒரே உணர்ச்சியாகக் கேட்டதற்குக் கதை தெரியாதது மட்டும் காரணமன்று. என் போன்றவர்களின் விரலும் ஒரு காரணம். பள்ளத்தை மேடாக்கி, மேட்டைப் பள்ளமாக்கிச் சமப்படுத்துவதற்காகத்தான் எங்களுக்குச் சம்பளம்.

வாய்ப்பு இருந்தால் அடுத்த முறை பகலில் நடக்கும் ஒத்திகைக்குப் போய் மேடைக்கு அருகில் நில்லுங்கள். பூங்கா என்பதால் பொதுவாக யாரும் தடுக்கமாட்டார்கள்.

பதிவு 13 – வில்லும்நாணும்

அதோடு ஓர் எச்சரிக்கை. ஒத்திகையில் பாடகர்கள் பெரும்பாலும் குரலை அடக்கி, பாதி அளவிலோ ஒரு ஸ்தாயி கீழேயோதான் பாடுவார்கள். மாலைக்காகத் தொண்டையைச் சேமிக்கிறார்கள். அதைக் கேட்டுவிட்டு, ஒலிவாங்கி இல்லாமல் இவர்களுக்குப் பாடத் தெரியாது என்று தீர்ப்பு எழுதிவிடாதீர்கள்.

பதிவு 14 – கடைசிவரிசை

மூன்று வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். நேற்று இன்னொரு பூங்காவில் இன்னொரு நிகழ்ச்சி. சொன்னபடி நண்பகலிலேயே போய், மேடையிலிருந்து ஏறத்தாழ பதினைந்து மீட்டரில் நின்றுகொண்டேன். வில்லும்நாணும் அவர்கள் சொன்னதுபோலவே டெனர் முணுமுணுத்துக்கொண்டு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இசைக்குழு கவ்விகளோடு போராடிக்கொண்டிருந்தது. சொப்ரானோ மட்டும், என்ன காரணமோ, முழுக்குரலில் பாடினார். அவர் அந்த 'பாப்பினோ காரோ'வின் முடிவை நெருங்கியபோது ஒலியமைப்பு முழுவதும் திடீரென அணைந்துவிட்டது. ஏதோ இணைப்பைச் சோதித்தார்களாம். நடத்துநர் நிறுத்தவில்லை. பாடகியும் நிறுத்தவில்லை.

அரை நிமிடம்கூட இருக்காது. கடைசியில் தந்தையிடம் இரங்கச் சொல்லும் அந்தச் சொல்லை அவர் மிக மெல்லப் பாடினார். நூலளவுக்கு மெலிந்து, ஆனால் அறுபடாமல், நேராக என்னிடம் வந்தது. எனக்கு இருபதடி பின்னால் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை. அவருக்குக் கேட்டிருக்காது என்று நினைக்கிறேன்.

மாலையில் வேண்டுமென்றே தொலைவில், ஒரு கம்பத்துக்கும் அடுத்த கம்பத்துக்கும் நடுவே உட்கார்ந்தேன். குரல் இம்முறை மேடையிலிருந்தே வருவதாகத் தோன்றியது. ஒலிமேசை அவர்களின் கணக்கு சரியாகவே வேலை செய்தது. அதே பாடல், அதே சொல். இப்போது அது தெளிவாக, பெரிதாக, எல்லாருக்கும் கேட்டது. என் அருகில் ஒரு முதியவர் கண்ணை மூடிக்கொண்டு தலையசைத்துக்கொண்டிருந்தார். நண்பகலில் அது எவ்வளவு சிறியதாக இருந்தது என்பதை அவரிடம் சொல்லலாமா என்று எண்ணி, பிறகு சொல்லாமல் விட்டுவிட்டேன்.

பதிவு 15 – மூன்றாம்மாடம்

பதினைந்து மீட்டர் என்று எழுதியிருக்கிறீர்கள். மேடைக்கு நேர் எதிரிலா, பக்கவாட்டிலா? அடுத்த நிகழ்ச்சியின் ஒத்திகை எப்போது என்று தெரிந்தால் எனக்கும் சொல்லுங்கள்.

பதிவு 16 – கடைசிவரிசை

நேர் எதிரில், சற்று இடப்பக்கம், ஐயா. நாள் தெரிந்ததும் இங்கேயே எழுதுகிறேன். நண்பகல் வெயில் கடுமையாக இருக்கும். தொப்பி எடுத்து வாருங்கள்.